தாயின் தொழில்

சங்கச் செயலாளர் மூன்றாம் முறையாக என் அறைக் கதவைத் தட்டியபோது, இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்துகொண்டேன். "மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடுங்கள், ஊரைப் பற்றி எழுதினாலும் சரி" என்றார். ஊரைப் பற்றி என்றால் கோயில் கொடையையும் பனங்காட்டையும் எழுதலாம். என்னைவிட எழுத வல்ல நண்பர்கள் அவற்றை அழகாகவே எழுதுவார்கள். எனக்கு நினைவுக்கு வந்ததோ ஒரு விண்ணப்பத்தாள். அதில் நான் எழுதிய பொய்யைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2024 ஜூலையில் டில்லிக்கு வந்து இறங்கிய மறுநாள், விடுதியில் இடம் கேட்டு நீண்ட வரிசையில் நின்றேன். வெயில் கொளுத்தியது. சன்னலுக்கு அப்பால் இருந்த எழுத்தர் நாலு பக்க விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் எழுதி முடித்து, "தந்தையின் தொழில்" என்ற கட்டத்தில் "விவசாயி" என்று எழுதினேன். அடுத்த கட்டம் "தாயின் தொழில்". அதில் "இல்லத்தரசி" என்று எழுதினேன். பேனா ஒரு கணமும் தயங்கவில்லை. எழுத்தரும் தயங்காமல் முத்திரை குத்தினார்.

நண்பர்களே, அவ்விரண்டும் பொய்.

என் தந்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் பிரிவில் வேலை பார்க்கிறார். 2012-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. விதைத்தது முளைக்கவில்லை; முளைத்தது நிலைக்கவில்லை. கடனை அடைக்க ஓராண்டு போய் வருகிறேன் என்று பஸ் ஏறியவர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொடைக்கும் வந்து போகிறாரே ஒழிய, இன்னும் திரும்பவில்லை. இத்தனை ஆண்டும் விளாத்திகுளம் பக்கத்திலுள்ள எங்கள் மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சையை உழுவித்து, விதைத்து, காவல் காத்து, அறுத்து, விற்று, என்னையும் தங்கையையும் படிக்க வைத்தவர் அம்மா. தொழில் இன்னதென்று கேட்டால், விவசாயி என்று சொல்ல எங்கள் வீட்டில் உரிமையுள்ளவர் அவர் ஒருவர்தான்.

கரிசல் காட்டு வெள்ளாமையை அறியாத நண்பர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வானம் பார்த்த பூமி. கோடையில் உழுது போட்ட நிலம் புரட்டாசி வரை வெயிலில் வெடித்துக் கிடக்கும். பிறகு நாள் பார்த்து விதைக்க வேண்டும். முந்தினால் விதை கருகிப் போகும். பிந்தினால் ஈரம் போய்விடும். அந்த நாளை முடிவு செய்வது அம்மாதான். டிராக்டர்க்காரரிடம் சொல்லி வைப்பதும் அவர்தான். ஆண்கள் இருக்கும் வீட்டுக் காட்டுக்கு முதலில் போய்விட்டு, எங்கள் காட்டுக்கு அந்த வண்டி மூன்றாம் நாள் வரும். அந்த மூன்று நாளில் போன ஈரத்துக்கு யார் கணக்கு வைப்பது?

விதைத்த பின் களை. எங்கள் ஊரில் களை வெட்டுவது முழுக்கப் பெண்கள் வேலை. கூலி, ஆணுக்குக் கொடுப்பதில் ஏறத்தாழப் பாதி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் களையை ஆண் வெட்டுவதில்லை. ஆகவே அது சம வேலை ஆவதில்லை! பயிர் காய் பிடித்ததும் காட்டுப்பன்றி வரும். கையில் டார்ச்சும் பழைய தகர டப்பாவுமாக அம்மாவும் பக்கத்துக் காட்டுப் பெரியம்மாவும் இரவில் காவல் இருப்பார்கள். தை பிறந்தால் மிளகாய்ப் பழம் பறிக்க வேண்டும். பறித்ததைக் களத்தில் பரப்பிக் காய வைத்து, நிறம் மங்கிய சோடை வத்தலைத் தனியே பொறுக்க வேண்டும். அந்த நாட்களில் அம்மாவின் விரல்கள் இரவெல்லாம் எரியும். எண்ணெய் தடவிக்கொண்டு, சோற்றைக் கரண்டியால் உண்பார்.

இத்தனைக்கும் முதல்? பயிர்க்கடன் கேட்டால் பட்டா கேட்பார்கள். பட்டா எங்கள் தாத்தா பெயரில் இருந்தது. ஆகவே புரட்டாசியில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும்; சித்திரையில் திரும்பி வரும். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் வராது. எங்கள் வீட்டில் பருவமழையின் போக்கை அம்மாவின் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வத்தல் வியாபாரம் ஒரு விந்தை. எல்லாக் களத்திலும் ஒரே சமயத்தில் வத்தல் குவியும். அப்போதுதான் விலை அடிமட்டத்தில் இருக்கும். வியாபாரி சொன்னதே விலை. ஓராண்டு அம்மா இரண்டு மூட்டையை விற்காமல் நிறுத்திக்கொண்டார். மகளிர் குழுவில் முப்பதாயிரம் கடன் எடுத்தார். வத்தலைக் காம்பு கிள்ளி, சொந்தக் காட்டு மல்லியும் சேர்த்து வறுத்து, மாவு மில்லில் அரைத்து, கால் கிலோப் பொட்டலமாகக் கட்டினார். வாரச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். முதல் நாள் மூன்று பொட்டலம் விற்றது. "மில்லுக்காரன் முன்னால பாதி, பின்னால பாதி அரைச்சுக் குடுத்துட்டான், நிறம் ஒண்ணுபோல இல்ல" என்று ஒருத்தி குறை சொன்னாளாம். அடுத்த வாரம் அம்மா மில்லில் நின்று, தம் வத்தல் முழுதும் அரைபட்ட பிறகே நகர்ந்தார். இப்போது மூன்று சந்தைக்குப் போகிறார். 2021-ஆம் ஆண்டு முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தக் காசு மிஞ்சியதால்தான் மூன்றாவது சந்தை கட்டுபடியாயிற்று என்பது அவர் கணக்கு.

கணக்கு என்றேன். என் பழைய பள்ளி நோட்டின் எஞ்சிய பக்கங்களில் அம்மா வரவு செலவு எழுதி வைத்திருக்கிறார். நான் பொருளாதாரம் படிக்கிறவன் அல்லவா? ஒரு விடுமுறையில் அந்த நோட்டை எடுத்துச் சரிபார்க்கப் புகுந்தேன். வத்தல் விலை, மில் கூலி, பை விலை, சந்தைச் சுங்கம், குழுக் கடனுக்கு வட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தன. இலாபமும் காட்டியது. "அம்மா, காம்பு கிள்ளினதுக்கும் வறுத்ததுக்கும் சந்தையில நாள் முழுக்க உட்கார்ந்ததுக்கும் உங்க கூலி எங்கே?" என்று கேட்டேன். அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "எனக்கு நானே கூலி குடுக்கணுமாக்கும்?" என்றார். நான் சிரித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். அவர் கூலியைக் கழித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கழித்தால் அந்த இலாபத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது, ஊர்கள் தீவுகளாயின. எங்கள் பக்கம் ஆறு இல்லை. ஆனால் கரிசல் மண் தண்ணீரை எளிதில் விடாது. காய் முற்றிய உளுந்து மூன்று நாள் நீரில் நின்று, செடியிலேயே முளைத்துவிட்டது. மிளகாய் வேர் அழுகிச் சாய்ந்தது. நான் அப்போது ஊரில் இருந்தேன். நீர் வடிந்ததும் அம்மா வரப்பில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "சங்கிலி போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அரசு நிவாரணம் அறிவித்தது. அதற்கு மனுக் கொடுக்க வேண்டும். தாத்தா பெயரில் பட்டா; ஆகவே வாரிசுச் சான்றிதழ், அடங்கல், அப்பாவின் வங்கிப் புத்தகம், அத்தைமார் இருவரும் ஆட்சேபணை இல்லை என்று வெள்ளைத் தாளில் எழுதிய கடிதம், எல்லாம் சேர்ந்தன. அப்பா நாலு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் திருப்பூரிலிருந்து வந்தார். மூவருமாக அலுவலகத்துக்குப் போனோம்.

மேசைக்கு அப்பால் இருந்தவர், "விவசாயி யாரு?" என்று கேட்டார். அப்பா முன்னால் போய் நின்றார்.

"உளுந்து எத்தனை ஏக்கர்?"

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "ரெண்டு" என்றார் அம்மா. "ரெண்டு" என்றார் அப்பா.

"என்ன ரகம்?"

"வம்பன் எட்டு" என்றார் அம்மா. "வம்பன் எட்டு" என்றார் அப்பா.

"எப்ப விதைச்சீங்க?"

"புரட்டாசிக் கடைசியில; ஏக்கருக்கு எட்டுக் கிலோ போட்டேன்" என்றார் அம்மா, அடுத்த கேள்விக்கும் சேர்த்து.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஏம்மா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. விவசாயி சொல்லட்டும்."

அப்பா கையெழுத்துப் போட்டார். பணம் அப்பாவின் கணக்கில் வந்து சேர்ந்தது. ஒரு காசு குறையாமல் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என்னுடையது. அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், "விவசாயி சொல்லட்டும்" என்று அந்த அதிகாரியைப் போலவே பேசிக் காட்டினேன். அப்பா சிரித்தார். வீட்டில் மறுபடியும் நடித்தேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். ஏழு மாதம் கழித்து டில்லியில் பேனாவைப் பிடித்தபோது, அந்த அதிகாரி எழுதியிருக்கக் கூடியதையே நானும் எழுதினேன்.

என் அறைத்தோழர் உத்தராகண்டில் அல்மோரா மாவட்டத்து மலைக் கிராமத்தார். ஒருநாள் இரவு, இருவரும் எங்கள் ஊர் உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் "மண்டுவா" என்று சொன்னது நம் கேழ்வரகே என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. அவருடைய தந்தை டில்லியில் ஓர் உணவு விடுதியில் சமையற்காரர். மலைச்சரிவில் படிப்படியாக இருக்கும் சிறு வயல்களில் மண்டுவா விதைப்பதும், காட்டில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவதும், எருமைப் பாலை விற்பதும் தாயார். "விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் எழுதியதைத்தான்" என்றார். இரண்டாயிரம் கல் தொலைவுக்கு இப்பாலும் அப்பாலும் பிறந்த இருவர் ஒரே பொய்யை எழுதியிருந்தோம்!

நாங்கள் மட்டுமா? 2023-24-ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கிராமங்களில் உழைக்கும் பெண்களில் 76 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வேளாண்மையில் இருக்கிறார்கள். ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே இருக்கிறார்கள். ஆனால் நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துவோர் யார் யார் என்று 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பு எண்ணியபோது, அவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். அவர்கள் கையில் இருந்த பரப்பு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்கள் எங்கே போனார்கள்? என் அம்மா போன இடத்துக்குத்தான் போனார்கள். குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் என்று கணக்கெடுப்பில் ஒரு பிரிவு உண்டு. விதைக்கும் நாளை முடிவு செய்கிறவர் அங்கே "உதவுவோர்"!

இதை அறிஞர்கள் அறியாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டுத் தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் பெயரில் இல்லாத பெண்ணையும் குத்தகைக்காரரையும் கூலியாளையும் விவசாயி என்றே கூறுகிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், பெண் விவசாயிகளின் உரிமைக்கென்று ஒரு தனிநபர் மசோதாவை 2012-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார். உழும் பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் தர வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. மறு ஆண்டு அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மசோதாவும் அதனோடு காலாவதியாயிற்று.

பெண்களோ சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. கோவை மாவட்டத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாள் சிறு கடை நடத்தி, அதில் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கிப் பயிரிட்டார். நூறு வயதைக் கடந்தும் காட்டுக்குப் போனார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2024 செப்டம்பரில் மறைந்தார். மதுரைப் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை, கூலிப் பெண்களுக்காக நிலக்காரரிடம் பேசி, பின்னர்க் களஞ்சியம் இயக்கத்தில் ஆயிரமாயிரம் பெண்களைச் சேமிக்க வைத்தவர். 2001-இல் இதே டில்லியில் அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று எங்கள் ஊர் வரை வந்திருக்கின்றன. அந்தக் குழு இல்லையேல் அம்மாவின் பொட்டலங்கள் இல்லை. ஆனால் குழு கடன் கொடுக்கும், பட்டா கொடுக்காது.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். இரவு உணவுக்குப் பின், அப்பாவிடம் மெதுவாகத் தொடங்கினேன்: "காட்டுப் பட்டாவில அம்மா பேரைச் சேர்த்தா என்ன?" அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்குத் தோணாம இல்லப்பா. எங்க அப்பா பேரை எடுக்க மனசு வரல; அப்படியே விட்டுட்டேன்" என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணியிருந்தால், நான்தான் வெட்கப்பட வேண்டும்.

அப்போது அம்மா குறுக்கிட்டார்: "பட்டா மாத்தணும்னா உங்க அத்தைமார் பங்கு?"

நான் திடுக்கிட்டேன். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம் அந்த நிலம். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் அதில் சமபங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது; அன்று மணமாகியிருந்த பெண்களுக்கு அது கிட்டவில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. இவ்வளவும் தேர்வுக்குப் படித்தவன் நான். ஆயினும் அத்தைமார் எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாளைப் பார்த்தபோது, அது ஒரு தாள் என்றுதான் நினைத்தேன். பெண்ணுக்கு நியாயம் கேட்கப் புறப்பட்ட நான், இரண்டு பெண்களின் பங்கைத் தாண்டிக் குதித்தே அதைக் கேட்டேன்.

"நான் எங்க அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தேன்லா" என்றார் அம்மா. "ஒரு சேலை எடுத்துக் குடுத்தாங்க. சந்தோசமாத்தான் கையெழுத்துப் போட்டேன். சங்கிலிய அடகு வைக்கப் போறப்ப எல்லாம் அந்தப் பத்திர ஆபீசு நெனப்பு வரும். உங்க சின்ன அத்தைக்கு வர வேண்டாம்யா."

சின்ன அத்தை கணவரை இழந்தவர். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார். அவருக்கு ஓர் ஏக்கர், பெரிய அத்தைக்கு ஓர் ஏக்கர், எஞ்சிய ஓர் ஏக்கர் அப்பா அம்மா இருவர் பெயரிலும் என்று அந்தத் திண்ணையில் முடிவாயிற்று. மூன்று ஏக்கர் ஒன்றாகிவிட்டது! பெரிய அத்தை தம் பங்கை அம்மாவே பயிரிடட்டும் என்றார். சின்ன அத்தை, விளைச்சலில் பாதி தந்தால் போதும் என்றார். பாதி விளைச்சல் அம்மாவுக்குச் சிறிய இழப்பன்று. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் இருக்கிறது. "அது அவ பங்கு" என்பதோடு அம்மா பேச்சை முடித்துவிட்டார். மனுக் கொடுத்துவிட்டு, நிலத்தை அளக்க வேண்டிய சர்வேயருக்காகக் காத்திருக்கத் தொடங்கினோம்.

புறப்படும் நாளில் அம்மாவிடம் கேட்டேன்: "உங்க பேரு வந்தா என்னம்மா செய்வீங்க?" பொட்டலங்களைச் சாக்கில் அடுக்கியபடியே சொன்னார்: "அடுத்த தடவ மழை அழிச்சா, உங்க அப்பா சம்பளத்த விட்டுட்டு வர வேண்டியதில்ல பாரு. நானே போயி சொல்லிக்கிடுவேன்."

டில்லிக்குத் திரும்பியதும் விடுதி அலுவலகத்துக்குப் போனேன். அதே எழுத்தர். விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் என்றேன். "இதனால் என்ன மாறிவிடப்போகிறது?" என்று கேட்டார், ஆயினும் நல்ல மனிதர், கோப்பைத் தேடி எடுத்துத் தந்தார். "இல்லத்தரசி"யை அடித்துவிட்டு, "விவசாயி, மசாலைப் பொடி வியாபாரம்" என்று எழுதினேன். கட்டம் சிறிது, எழுத்துகள் வெளியே போய்விட்டன. தந்தையின் தொழிலையும் திருத்திக் கையெழுத்திட்டேன். எனக்குப் பின்னால் என் அறைத்தோழர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு திருத்தம் இருந்தது.

எழுத்தர் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் அம்மாவுக்குப் பயிர்க்கடன் கிடைத்துவிடாது. ஆனால் அடங்கலிலும் கணக்கெடுப்பிலும் வங்கித் தாளிலும் அந்தச் சொல்லை எழுதுகிறவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம்மைப் போல் படித்துவிட்டுப் போனவர்கள்தாம். நாளை நம்மில் சிலர் அந்த மேசைக்கு அப்பால் உட்காரப் போகிறோம். "விவசாயி யாரு?" என்று கேட்கும்போது யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்பதை இப்போதே பழகிக்கொள்ளலாம்.

மலரைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விண்ணப்பங்களும் அதே அலுவலகத்து அலமாரியில்தான் இருக்கின்றன. மாலை நாலு மணிக்குப் பின் அங்கே கூட்டம் இராது.